மஞ்சள் வாடை அடித்த ஃபில்டர்

கிருஷ்ணாயிலில் ஊறிய கையால் சோறு பிசைந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். அந்த மண்ணெண்ணெய் நாற்றம் சோப்பு போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது, அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தோல் உரியத் தேய்த்தாலும் போகாது. ரசத்தில் கிருஷ்ணாயில், மோரில் கிருஷ்ணாயில். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க முழங்காலில் நின்றால், கூப்பிய கையிலிருந்து அதே கருமம் மூக்கில் ஏறும். அறுபதுகளில் செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டியவர்களின் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் இந்தக் கண்றாவி உண்டு. ஏனென்றால் காரின் ஆயில் ஃபில்டரைக் கழுவுவது எங்கள் தலையில் விழுந்த வேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கிண்ணம் தொங்கும். அதற்குள் ஒரு சொம்பு அளவுக்கு, ஓட்டை போட்ட தகரத்துக்குள் கம்பளி மாதிரி தடித்த துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கிய ஒரு சாமான் இருக்கும். அதுதான் ஃபில்டர். எஞ்சினில் ஓடுகிற எண்ணெய் அதன் வழியாக வடிந்து, மண்ணையும் இரும்புத் தூளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அழுக்கு ஏறிவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிப் போட வேண்டும். எங்கள் ஊரில் யார் எறிந்தார்கள்? மீன் வாங்கி வருவது போலச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, "இந்தா, இத அலசி வை" என்று கிணற்றடியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

பிரித்தால் தார் மாதிரி கறுப்பு. தொட்டால் வழவழவென்று விரலோடு வரும். ஒரு பழைய சட்டியில் கிருஷ்ணாயிலை ஊற்றி, அதில் முக்கி, தேங்காய் நாரால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்க வேண்டும். அந்தக் கசடில் வெயில் பட்டால் இரும்புத் தூள் மினுக்கும். பிறகு மதில்மேல் காயவைக்க வேண்டும். காக்காய்கூட அந்தப் பக்கம் உட்காராது. காய்ந்ததும் அதே சாமான் மறுபடி எஞ்சினுக்குள் போகும். இதில் டிரைவர்களுக்குள் பெருமை வேறு. "எங்க ஊட்ல கழுவினா புதுசு தோத்துடும்" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பீற்றிக்கொள்வார்கள். என்னமோ பெண்டாட்டி வைக்கும் குழம்பைப் பற்றிப் பேசுவது மாதிரி. தூ!

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. பாண்டிச்சேரியில் யாரோ ஓட்டிக் களைத்துப்போன வண்டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ராஜகிரி மலையைப் பார்த்தபடி நிறுத்தியிருப்பார். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் கோயிலுக்கு ஆள் ஏற்றுவார். ஸ்பெஷல் பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போவார்கள். முகூர்த்த நாளில் மேல்சித்தாமூர் ஜைன வீடுகளுக்குக் கல்யாண சவாரி. மற்ற நாளில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நோயாளி. நல்ல மனிதர், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் வெள்ளை வேட்டி கட்டிய எவன் சிரித்துப் பேசினாலும் இவர் இரண்டாக மடங்கிவிடுவார். அதுதான் அவரிடம் எனக்கு ஆகாதது.

தலைப்பிரசவத்துக்கு நான் அந்தக் காரில்தான் போனேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே விழுப்புரம் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொன்னாள். மண்டகப்பட்டு தாண்டும்வரை வண்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம் எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு இரும்பை இரும்பு கடிக்கிற ஒரு சத்தம், பிறகு சத்தமே இல்லை. உச்சி வெயில். பஸ் அப்போதுதான் போயிருந்தது. இவர் மாட்டு வண்டி தேடி வயல்வெளியில் ஓடினார். வண்டியோடு திரும்பி வருவதற்குள் பின் சீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை. மதிலுக்கு வெளியே குழி தோண்டினார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

விழுப்புரத்து மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் போட்டான். நானும் அங்கே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். உடம்பு தேறியிருக்கவில்லை, ஆனாலும் பார்க்காமல் விடமாட்டேன் என்று போயிருந்தேன். கழுவிக் கழுவி ஃபில்டர் துணி நார் நாராகப் பிய்ந்து, எண்ணெய் போகிற ஓட்டைகளில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் கிடைக்காமல் பேரிங் கருகிப்போயிருந்தது. மெக்கானிக் அந்த நாரை ஒரு கம்பியால் இழுத்துக் காட்டிவிட்டு, வெற்றிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்பினான்.

"இத கழுவக் கூடாதுப்பா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும்" என்றான் இவரிடம்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியேம்மா" என்றான்.

எத்தனை முறை அந்த வண்டியை அவன் கையால் பிரித்துப் பூட்டியிருப்பான்! ஆனாலும் அன்றைக்கு அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டேன். புது ஃபில்டர் வாங்கும்போது மடிப்பு சீராக இருக்க வேண்டும், மேலும் கீழும் இருக்கிற மூடி இடுக்கு விடாமல் ஒட்டியிருக்க வேண்டும், நடுக்குழாயின் ஓட்டைகளில் பிசிறு இருக்கக் கூடாது, ரப்பர் வளையம் வெடித்திருக்கக் கூடாது, இதெல்லாம் பார்க்காமல் வாங்காதே என்றான். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இவர் தலையாட்டினால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அதனால் நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

கடன் உடன் பட்டு எஞ்சினைப் புதுப்பித்துப் பூட்டினோம். மெக்கானிக் ஏதோ பழைய ஃபில்டர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு, ஊருக்குப் போனதும் மாற்றிவிடு என்று அனுப்பினான். ஒரு வருஷத்தில் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தபோதும் அதே தற்காலிக ஃபில்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை செய்தித்தாளில் சுற்றி அதைக் கொண்டுவந்து, "இந்தா, ஒரே ஒரு வாட்டி..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! சட்டியோடு கிருஷ்ணாயிலைத் தூக்கி முற்றத்தில் வீசினேன்.

"இத பாருய்யா. போன புள்ளைய ரோட்டுல தூக்கிக் குடுத்தாச்சி. நல்ல பில்ட்ரா ஒண்ணு போடாம அந்த வண்டியில நான் காலு வெக்க மாட்டேன். வலி வந்தா நடந்தே போறேன். மாதா மேல சத்தியம்."

"சரி, சரி. நாளைக்கே வாங்கிடறேன்."

"நீ வாங்க வேணாம். நானும் வரேன்."

செஞ்சி கடைவீதியில் அப்போது மோட்டார் சாமான் விற்றது ஒரே ஒரு கடைதான். பம்பு செட்டு சாமான், மண்வெட்டி, தாம்புக் கயிறு, ஆணி என்று எல்லாம் கலந்து கிடக்கிற இரும்புக் கடை; ஓர் அலமாரியில் மட்டும் கார் சாமான். முதலாளி நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம், கல்லாப்பெட்டிக்கு மேலே மாலை போட்ட லட்சுமி படம். நாங்கள் போனபோது அவர் அப்போதுதான் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். என் வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, புள்ளத்தாச்சி! வாம்மா, வா. இன்னிக்கு உன் கையாலதான் போணி. லட்சுமியே வந்த மாதிரி இருக்குது."

"ஆயில் பில்ட்ரு வேணும். நல்லதா இருக்கணும்" என்றேன்.

கேட்டது நான். அவர் பதில் சொன்னது என் வீட்டுக்காரரிடம். "இருக்குதுப்பா. பஸ்ட் கிளாஸ் சரக்கு, மெட்ராஸ்ல இருந்து நேத்துதான் வந்துது." அலமாரியிலிருந்து பளபளவென்ற ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"பிரிச்சிக் காட்டுங்க."

"இன்னாம்மா இது! போணி சாமானப் பிரிச்சிப் பாத்துட்டு வேணாம்னு வெச்சிட்டுப் போனா, அன்னிக்குப் பூரா நான் ஈதான் ஓட்டணும்."

"கத்திரிக்கா வாங்கினாக்கூட திருப்பிப் பாத்துட்டுத்தான் வாங்கறோம்."

"கத்திரிக்காயும் இதுவும் ஒண்ணா? நீ ஊட்டுக்குப் போயி சோறாக்கு தாயீ. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"கழுவறப்ப மட்டும் பொம்பளைங்க சமாச்சாரமா இருந்துச்சே!"

முதலாளி சிரித்தார். இவர் என் முழங்கையைத் தொட்டுத் தொட்டு, "சும்மா இரு, சும்மா இரு" என்றார். பிறகு முதலாளி சொன்ன விலையை இவர் எண்ணிக் கொடுத்தார். முதலாளி அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்டியை லட்சுமி படத்துக்குக் காட்டி, அதன்மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். "போணி சாமான் திரும்பி வரக் கூடாது, ஆமா" என்று சொல்லும்போதும் அதே சிரிப்பு. கல்யாணப் பெண்ணை அனுப்புகிற மாதிரி ஒரு ஃபில்டரை அனுப்பியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. மூடிகளில் பச்சை பெயின்ட், ரப்பர் வளையம் புதிது, நடுக்குழாயில் பிசிறு இல்லை. ஆனால் மடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியாதபடி வெளித்தகரம் மூடியிருந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

எங்கள் நைனா மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கினால்கூட மூக்குக்கிட்டே கொண்டுபோகாமல் வாங்க மாட்டார். நானும் அந்த ஃபில்டரை மூக்கில் வைத்தேன். அந்த மாசங்களில் என் மூக்கு மூக்காகவே இல்லை. மூன்றாம் வீட்டில் கருவாடு பொரித்தால் இங்கே நான் ஓங்கரிப்பேன். முதலில் பெயின்ட் வாடை வந்தது. அதற்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில் வேப்பிலை, நிழலில் காய்ந்த ஈரத்துணியின் மக்கல். எஞ்சினுக்குள் போகிற சாமானில் மஞ்சளுக்கு என்ன வேலை?

"இதுல ஏதோ இருக்குதுய்யா. பிரிச்சிப் பாத்துடலாம்."

"பைத்தியமா உனக்கு? புதுசுடி! பிரிச்சா அப்பறம் எதுக்கு ஆவும்?"

"இப்ப மட்டும் எதுக்கு ஆவும்?"

அவர் பிடுங்க வந்தார். நான் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு அதன் நுனியை மூடியின் இடுக்கில் விட்டு நெம்பினேன். அடச்சீ, ஒரே நெம்பில் மூடி கழன்று வந்துவிட்டது! சுவரொட்டி ஒட்டுகிற பசையைப் போட்டு ஒட்டியிருந்தான் எவனோ. உள்ளே மேலாக ஒரு சுற்று வெள்ளை மல் துணி. அதைப் பிரித்தால் மஞ்சள் துணி. கிழித்துக் கிழித்து, உருட்டி உருட்டி, அடைத்து வைத்த மஞ்சள் துணி. ஒரு புடவையின் கரை. ஒரு ரவிக்கையின் ஓரம், அதில் துரு ஏறிய கொக்கி அப்படியே இருந்தது. வேப்பிலைக் காம்பு. காய்ந்த எலுமிச்சை விதை. கடைசியில், துணியோடு பின்னிக்கொண்டு, ஒரு கொத்துத் தலைமுடி.

இவர் முகம் வெளுத்துவிட்டது. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது மலையனூர் துணிடி" என்றார்.

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மாசாமாசம் அங்கே ஆள் இறக்குகிறவர். பேய் பிடித்தது, செய்வினை என்று அமாவாசைக்கு வருகிறவர்களில் பலர் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு கட்டிக்கொண்டு போவார்கள். பிடித்தது அந்தத் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை. அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் பழந்துணிக்காரர்கள் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவதை இவர் பார்த்திருக்கிறார். கோயிலையோ கும்பிட வருகிறவர்களையோ நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் யாரோ ஒருத்தி உயிர் போகிற வேதனையில் கழற்றி எறிந்த ரவிக்கையைப் பொறுக்கி, தகரத்துக்குள் திணித்து, பச்சை பெயின்ட் அடித்து விற்கிறானே ஒருத்தன், அவன் சாப்பிடுகிற சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்? நான் கொல்லைக்கு ஓடி, முருங்கை மரத்தடியில் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தால் இவர் தூரத்தில் நின்றுகொண்டு, "தொடாத, தொடாத, வயித்துல புள்ள இருக்குது, எதனா பிடிச்சிக்கும்" என்கிறார்.

"பேயா? பேய் கெடக்குதுய்யா! இந்தக் கொக்கி எஞ்சினுக்குள்ள போச்சின்னா இன்னா ஆவும்? இந்த நூலு போயி அடச்சிக்கிச்சின்னா இன்னா ஆவும்? போன வாட்டி அடச்சிக்கிச்சே, அப்ப எந்தப் பேய் வந்துது?"

எல்லாவற்றையும் ஒரு முறத்தில் வாரிக்கொண்டு நான் கடைக்கு நடந்தேன். அவர் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார். வழியில் ஸ்டாண்டில் நின்ற டிரைவர்களும் வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டார்கள்.

முதலாளி முறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "போணி சாமான் திருப்பி வாங்கறதில்லன்னு காலையிலயே சொன்னேனே" என்றார்.

"உள்ள இருக்கறதப் பாருங்க."

"உள்ள துணிதான் இருக்கும். பில்ட்ருல துணி இல்லாம சோறா இருக்கும்?"

டிரைவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், "எண்ண வடிஞ்சா சரி, எந்தத் துணியா இருந்தா இன்னா?" என்றான். அவன் வீட்டுக்காரியும் கிணற்றடியில் ஃபில்டர் கழுவுகிறவள்தான். அவன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் முறத்தை அப்படியே கல்லாப்பெட்டிமேல் கவிழ்த்தேன். "மலையனூர்ல பேயோட்டி அவுத்துப் போட்ட துணி இது. மயிரோட இருக்குது பாருங்க."

ஐயோ, அந்த மனிதர் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்காலி சாய்ந்து, தோளில் கிடந்த துண்டு விழுந்து, கடைக்கு வெளியே வந்துதான் நின்றார். "எடு! எடுடி அத! லட்சுமி படத்துக்கு முன்னாடி கொண்டாந்து கொட்டிட்டியே! பேய்த் துணிய இத்தினி நாளா கடைக்குள்ள வெச்சிருந்தேனா? ஐயோ, ஐயோ!" ஒரு கழியால் அந்தத் துணியைத் தெருவில் தள்ளினார். அலமாரியில் இருந்த மற்ற பெட்டிகளையும் கழியாலேயே தள்ளிவிட்டார். ஏமாற்றுச் சரக்கு விற்றோமே என்று ஒரு வார்த்தை? ஊஹூம். இதைப் போட்ட வண்டிகளில் எத்தனை பேர் ஏறினார்களோ என்று ஒரு வார்த்தை? வாயே திறக்கவில்லை. அவருக்கு இருந்த பயமெல்லாம் தீட்டுக்கும் பேய்க்கும்தான்.

ஆனாலும் பெட்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் முட்டாள்தனம். மறுநாள் அதே வழியாகக் காய்கறி வாங்கப் போனால், கடை வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. நிலைப்படியில் பூசணிக்காய் தொங்கியது. அலமாரியில் அதே பெட்டிகள் அதே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் குங்குமப் பொட்டு.

என்னைப் பார்த்ததும் முதலாளி தானாகவே சொன்னார்: "ஐயர வெச்சி எல்லாம் கழிச்சாச்சிம்மா. இப்ப ஒரு தோஷமும் கிடையாது. உன் ஊட்டுக்காரருக்குக்கூட ஒண்ணு சும்மா குடுத்தனுப்பினேன், போணி கெட வேணாம்னு."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இவரிடம் சொன்னேன். "அத சாக்கடையில வீசுய்யா."

"வீசிடறேன். பாண்டிச்சேரிக்கு ஒரு சவாரி வருது. அங்க பெரிய கடையில நல்லதா வாங்கிப் போடறேன், போதுமா?"

"நான் பாத்துத்தான் நம்புவேன்."

பாண்டிச்சேரி சவாரி வந்தது, போனது. "கடை மூடியிருந்துது" என்றார். நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. ஒன்பதாம் மாசம் பிறந்ததும் இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு, வலி வருவதற்கு முன்னாலேயே பஸ் ஏறி விழுப்புரத்தில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். சொந்தக் கார் வைத்திருக்கிறவன் பெண்டாட்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸில் நிற்கிறாளே என்று ஸ்டாண்டில் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். முதல் பிள்ளைக்கு அழாத அழுகையெல்லாம் அன்றைக்குச் சேர்த்து அழுதேன்.

வீட்டுக்கு அழைத்துப்போக அவர் காரைக் கொண்டுவந்தார். கழுவித் துடைத்து, முன்னால் சாமந்தி மாலை போட்டு, பின் சீட்டில் புதுத் துணி விரித்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். நான் பிள்ளையோடு கதவுக்கிட்டே நின்றேன்.

"பில்ட்ரு?"

"போட்டாச்சி" என்று சிரித்தார்.

"எங்க வாங்கின?"

மாலையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"பானட்டத் தொற."

"ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சி இன்னாடி இது..."

"தொறய்யா!"

திறந்தார். ஃபில்டர் கிண்ணத்தின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில், காசு அளவில் ஒரு மாதா சுரூபம் கட்டியிருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் ஸ்பேனரை எடுத்துக் கழற்றச் சொன்னேன். எண்ணெய் தரையில் ஒழுக, அவர் அதை வெளியே எடுத்தார். எடுப்பதற்கு முன்னாலேயே எனக்கு வாடை வந்துவிட்டது. சூடான எண்ணெய்க்குள்ளே, மஞ்சள்.

"பயப்படாத. நம்ம மாதா கோயில் சாமியார்கிட்ட மந்திரிச்சி, தீர்த்தம் தெளிச்சித்தான் போட்டேன். இப்ப அதுல ஒண்ணும் கிடையாது."

"சாமியார்கிட்ட இது இன்னான்னு சொன்ன?"

"வண்டி சாமான்னு சொன்னேன்."

"சரி, பேய் போயிடுச்சி. துணி?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "அதையும் உட்டுடுவேனா? மூடியத் தொறந்து, எல்லாத்தையும் எடுத்து, கிருஷ்ணாயில்ல போட்டு அலசிட்டேன். உனக்கு வேல வெக்கக் கூடாதுன்னு நானே அலசினேன்."

என்ன சொல்வது இந்த மனிதரை? அடிக்கவா முடியும்? அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு எனக்கு அந்தத் துணியைவிட அருவருப்பாக இருந்தது. ஒரு பிள்ளையை மதிலுக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தவர், அடுத்த பிள்ளையை ஏற்ற அதே வேலையைச் செய்து, அதன்மேல் தீர்த்தமும் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் அக்காவிடம் பையை வெளியே எடுக்கச் சொன்னேன். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை.

செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புறப்படும் முன், கழற்றியதையே மறுபடி பூட்டிக்கொண்டு எங்கள் கார் மாலையோடு பஸ்ஸைத் தாண்டிப் போனது. தான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காகவே வேகமாக ஓட்டினார் என்று நினைக்கிறேன்.

மண்டகப்பட்டு வந்தது. முன்பு நின்ற அதே இடம் என்று எழுதினால் கதைபோல இருக்கும். அதே இடம் இல்லை, அதற்கு ஒரு கூப்பிடு தூரத்தில். பானட்டைத் தூக்கிவைத்த கார் ரோட்டோரம் நின்றது. உள்ளேயிருந்து புகை. முழங்கைவரை கறுப்பாக, அவர் ரோட்டின் நடுவில் வந்து கையைக் காட்டினார்.

"யாருப்பா அது, நடுரோட்ல?" என்றார் கண்டக்டர்.

"நிறுத்துங்க. என் ஊட்டுக்காரர்தான்" என்றேன்.

ஏறினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் சீட்டுக்கிட்டே வந்து, பிள்ளையைக் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினார். அதுவரை அவர் அவளைத் தூக்கியதே இல்லை. எண்ணெய், கிருஷ்ணாயில், மஞ்சள் எல்லாம் சேர்ந்து அந்தக் கையிலிருந்து என் மூக்கில் அடித்தது.

"கையக் கழுவிட்டுத் தொடு" என்றேன்.

பஸ்ஸில் தண்ணீருக்கு எங்கே போவது? கம்பியைப் பிடிக்கவும் கூச்சப்பட்டு, இரண்டு கையையும் யார்மேலும் படாமல் தூக்கிக்கொண்டு, செஞ்சிவரை தடுமாறித் தடுமாறி நின்றே வந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் நேராகத் தெருக்குழாய்க்கு ஓடினார். மண்ணை அள்ளித் தேய்த்தார், யாரிடமோ சோப்பு வாங்கித் தேய்த்தார், மோந்து பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். நான் பிள்ளையோடு தள்ளி நின்று பார்த்தேன். அந்த நாற்றம் அப்படியெல்லாம் போகாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.